அக்கட்டால போற வழி

வேணுமா வேண்டாமான்னு ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னா எப்படிங்க கண்ணு? அதுவும் கேட்டுக்கு வெளியில, இந்த வெயில்ல நின்னுக்கிட்டு. உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். இந்தச் சேர்ல உக்காருங்க, காத்தாடி போடறேன். பணியாரம் சுட்டு வெச்சிருக்கேன், ரெண்டு எடுத்துக்குங்க. வேண்டாம்னு சொல்லக் கூடாது. இந்த ஊட்டுக்கு வர்றவங்க யாரும் இப்பப் பணியாரம் திங்காமப் போறதில்ல. அதுக்கு ஒரு காரணம் இருக்குது, சொல்றேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். எங்கூட்டுக்காரரு உள்ள படுத்திருக்காரு. அவரு எந்திரிச்சு வந்தா இந்த நாயமே வேற மாதிரிப் போயிரும்.

நீங்க கேட்டது என்ன? எங்கூட்டுக்கு நேரா ரோட்டு நடுச்செவுத்த ஒடச்சு, கோடு போட்டு, சிக்னல் வெச்சு, சனங்க நடந்து தாண்டறதுக்கு ஒரு வழி விடலாம்னு இருக்கறாங்க. இந்தப் பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கெல்லாம் சம்மதமான்னு கேட்டு அந்தப் பெரிய செல்லுல ஏத்திக்கோணும். அதான? அக்கட்டால, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற லைன் ஊட்டுக்காரங்க மனுக் குடுத்திருக்கறாங்க. தெரியுமுங்க. பக்கத்து ஊட்டுல என்ன சொன்னாங்க? துளசிமணி அக்காகிட்டக் கேளுங்க, அவங்கதான் மொதல்ல மாத்தி வெச்சவங்கன்னு சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. உங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது.

நான் ஒண்ணும் மாத்தி வெக்கலீங்க. மைக்குல பேசுனேன், அவ்வளவுதான். மாத்துனது ஆபீசருங்க. பேசறதுக்குத்தான கூட்டம் போட்டாங்க? பேசுனது ஒரு குத்தமா?

முன்ன இந்த ரோடு ரெண்டு வண்டி போற அகலம். இப்ப நாலு வழி. நடுவுல நெஞ்சு ஒயரத்துக்குச் செவுரு. இக்கட்டால நாங்க. அக்கட்டால பழைய மில்லு லைன் ஊடுக, ரேசன் கடை, கோயமுத்தூரு பஸ் வந்து திரும்பற ஸ்டாப்பு. அந்த லைன் சந்து வந்து முடியற எடம் எங்க கேட்டுக்கு நேர் எதிரு. இங்க இருந்தே பாக்கலாம், அந்தா, பச்சைத் தண்ணி டேங்க்குக்குப் பக்கத்துல.

கூட்டம் நடந்தது நம்ம கல்யாண மண்டபத்துல. ரோட்ட அகலம் பண்ணி முடிக்கற சமயம். எந்த எடத்துல தாண்டறதுக்கு வழி வேணும், ஊருக்காரங்க சொல்லுங்கன்னு ஆபீசருங்க வந்திருந்தாங்க. நல்லவங்கதான், பாவம். டீ, பிஸ்கெட்டெல்லாம் குடுத்தாங்க. செவுத்துல படம் போட்டுக் காட்டுனாங்க. ரோடு நீளமா ஒரு கருப்புக் கோடு, அதுல ஒரே ஒரு செவப்புப் புள்ளி. சனங்க எச்சாத் தாண்டற எடம் இதுதான், லைன் சந்துக்கு நேரா, அதனால வழிய இங்க விடறோம்னு சொன்னாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் கண்ணாடியப் போட்டுப் பாக்கறேன், அந்தப் புள்ளி சரியா எங்கூட்டுக் கேட்டு மேல உக்காந்திருக்குது.

எங்கூட்டுக்காரரு என் முழங்கையில இடிச்சாரு. தெருக்குத்துன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாரு.

தெருக்குத்து தெரியுமில்லீங்க? ஒரு தெரு நேரா வந்து ஊட்டு வாசல்ல முட்டறது. அந்த ஊட்டுக்கு ஆகாதும்பாங்க. அந்தச் சந்து எத்தனையோ வருசமா எதுக்கத்தான் இருக்குது, இல்லைங்கல. ஆனா நடுவுல ரோடு ஓடுது, ஓடற ரோடு குத்த வெட்டி விட்டுருதுன்னு சோசியரு சொல்லியிருந்தாரு. ரோட்ட அகலம் பண்ணத் தொடங்குனப்பவே நான் போயிக் கேட்டிருந்தேன். ரோட்டுக்குக் குறுக்க ஒரு நடைவழி போட்டுட்டா வெட்டு போயிரும், சந்து நேரா வந்து உங்க வாசல்ல நிக்கும், அப்பறம் உங்க பையனுக்குக் கல்யாணத்தப் பத்திப் பேசவே வேண்டாம்னுட்டாரு.

என்ற பையன் யுவராஜு. அப்பவே முப்பத்திமூணு தாண்டியிருச்சு. பம்ப்செட்டுக் கம்பெனில வேலை, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. எங்க பக்கத்துல பையனுக்குப் பொண்ணு கெடைக்கறது எவ்வளவு சிரமம்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. வர்ற ஜாதகமெல்லாம் திரும்பிப் போச்சு. அவங்கூடப் படிச்சவங்க புள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயி விடறாங்க, இவன் நோம்பிக்கு நோம்பி புதுச் சட்டை போட்டுக்கிட்டு ஒரம்பரை, சொந்தபந்தம்னு யாரு ஊட்டுக்கும் வரவே மாட்டேங்கறான். பெத்தவளுக்கு வெசனமா இருக்குமா இருக்காதா? நீங்களே சொல்லுங்க.

ஆனா மண்டபத்துல எந்திரிச்சுத் தெருக்குத்துன்னு சொல்ல முடியுமா? கோட்டு சூட்டுப் போட்டுட்டுப் படம் காட்டறவங்க முன்னால? சிரிப்பாங்க. எங்கூட்டுக்காரரு சொசைட்டில அத்தனை வருசம் வேலை பாத்தவரு, ஆனா மைக்கக் கண்டா நாக்கு மேல ஒட்டிக்கும். நீ பேசு, நீ பேசுன்னு என்னையத் தள்ளறாரு. எந்திரிச்சிட்டேன். ஆபீசரு மைக்கக் குடுத்து, சொல்லுங்கம்மான்னாரு.

எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க. மேம்பாலத்து எறக்கத்துல வண்டியெல்லாம் பறந்து வருதுங்க சார், இந்த எடத்துல வழி விட்டா எங்க ஊருப் புள்ளைக உசுருக்கு யாருங்க பதில் சொல்றதுன்னேன். மேக்க பெட்ரோல் பங்க்குக்கிட்ட வையுங்க, அங்க லைட்டு இருக்குது, வண்டி மெதுவாப் போகுதுன்னேன். புள்ளைகன்னு சொல்றப்பக் குரல் கூடக் கம்மிருச்சு. மண்டபமே கையத் தட்டுச்சு. பொய்யில்லீங்க அது. வண்டி வேகமாத்தான் வருது. நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது.

ஆபீசருக்கு மனசு சமாதானம் ஆகல. லைன் ஊட்டுக்காரங்களுக்கு இது ரொம்பச் சுத்தாச்சே, அவங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாரு. அப்ப எந்திரிச்சா பூவாத்தா.

பூவாத்தா யாருன்னு சொல்லோணும். லைன்ல இருக்கறவ. புருசன் இல்ல. கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி, போசிப் பாத்திரத்துல எடுத்துக்கிட்டு வெடியால இந்தப் பக்கத்து ஊடு ஊடா வந்து ஊத்துவா. எங்கூட்டுக்கு ரொம்ப வருசமா அவ மாவுதான். என்னைய விட ரெண்டு மூணு வயசு சின்னவ, முழங்கால் மட்டும் என்னைய விட மோசம். நானும் அவளும் அக்கா தங்கச்சி மாதிரி. வந்தான்னா வாசப்படியில உக்காந்து சித்த நேரம் பேசிட்டுத்தான் போவா. உள்ள வந்ததில்ல, அவளாவே வர மாட்டா, நான் வராதன்னு சொன்னதே கெடையாது. அவளுக்குன்னு தனியா ஒரு டம்ளரு வெச்சிருக்கேன், அந்தா மதில் மேல கவுத்தி வெச்சிருக்கறது. வேற யாருக்கும் அதுல ஊத்தித் தர மாட்டேன். ஏங் கண்ணு அப்படிப் பாக்கறீங்க? ஒருத்திக்குன்னு தனி டம்ளரு வெக்கறது மரியாதைதானுங்க?

சரி. அவ எந்திரிச்சு, அக்கா சொல்றது நாயமுங்க, நாங்க படிக்காதவங்க, வசதியத்தான் பாக்கறோம், அக்கா எங்க புள்ளைக உசுரப் பாக்கறாங்கன்னா. அக்கா சொன்ன எடத்துலயே வையுங்கன்னா. லைன்காரங்க அத்தனை பேரும் கையத் தூக்குனாங்க. அவங்க கை தூக்கறப்ப எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியல. பிஸ்கெட்டு வெச்சிருந்த தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்கூட்டுக்காரரு மட்டும் எங்காதுல, பேசிப்போட்டியே நீன்னு ஒரே பெருமை.

வழி பங்க்குக்கிட்டப் போயிருச்சு. அங்க போயி ஒருத்தரும் தாண்டல. அவ்வளவு தூரம் யாரு சுத்துவாங்க? ஹாலோபிளாக் கல்லு நாலக் கொண்டாந்து செவுத்துக்கு ரெண்டு பக்கமும் அடுக்கி வெச்சுட்டாங்க. ஏறிக் குதிக்கறதுதான். பள்ளிக்கூடப் புள்ளைக பைய மொதல்ல வீசிட்டு அப்பறம் குதிக்கும். நான் கேட்டுக்கிட்ட நின்னு சத்தம் போடுவேன். அறிவிருக்குதா உங்களுக்கெல்லாம், வழி வெச்சுக் குடுத்தும் இப்படிக் குதிக்கறீங்களேன்னு. ஒரு பையன் திரும்பிப் பாத்து, நீங்க நடங்க பாட்டின்னுட்டுப் போனான். எனக்குச் சுருக்குன்னுச்சு. என்னையப் பாத்தாப் பாட்டி மாதிரியா இருக்குது?

குதிக்காத ஒரே ஆளு பூவாத்தாதான்.

போசியத் தூக்கிக்கிட்டுப் பங்க்கு வரைக்கும் போயி, கோட்டுல நின்னு, சிக்னல் விழுந்ததுக்கு அப்பறம் தாண்டி, திரும்ப இந்தப் பக்கமா அத்தனை தூரம் வருவா. முன்னெல்லாம் எங்கூட்டுக்குத்தான் மொதல் மாவு. இப்ப இங்க வந்து சேர்றப்பச் சேலையெல்லாம் நனைஞ்சிருக்கும். போசிய எறக்கி வெச்சுட்டு முழங்கால ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, அக்கா சொன்ன வழியிலதான் வர்றேங்க்கான்னுவா. சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவா. தெனமும் சொல்லுவா. லைன்ல இருக்கற புள்ளைகளையும் அதட்டுவாளாம். அக்கா நமக்காகப் பேசி வாங்கிக் குடுத்த வழி, குதிக்காதீங்கன்னு.

அவ அப்படிச் சொல்றப்ப எனக்கு என்னமோ பண்ணும் கண்ணு. மோரு ஊத்திக் குடுப்பேன். அது பத்தாதுன்னு தோணும். நாளைக்கு இன்னும் ஒரு படி எச்சா ஊத்துன்னுவேன். அப்பறம் ரெண்டு படி. எங்கூட்ல இருக்கறது மூணு பேரு. வெடியால இட்லி, பொழுதோட தோசை, மிஞ்சுனா ஊத்தப்பம், அதுவும் புளிச்சா இந்தப் பணியாரம். பிரிட்ஜத் தொறந்தா மாவு, மாவு, மாவு. யுவராஜு ஒரு நாளு தட்டத் தள்ளி வெச்சுட்டு, ஏம்மா, இந்த ஊட்ல அரிசின்னு ஒண்ணு வாங்கறதே இல்லையான்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்லட்டும்? அவ சுத்தி வர்றதப் பாத்தா வாய் தானா எச்சா ஊத்துங்குது. எடுத்துக்குங்க, நீங்க ஒண்ணுதான் தின்னிருக்கறீங்க.

இப்படி இருக்கறப்ப ஒரு நல்ல ஜாதகம் வந்துச்சு. பொண்ணு பேரு மோகனப்பிரியா. கோயமுத்தூர்ல ஒரு லேப்ல வேலை, தெனம் பஸ்ஸுல போயிட்டு வர்றவ. பொருத்தமெல்லாம் அமைஞ்சுருச்சு. பாத்தியா, வழி தள்ளிப் போனதும் ஜாதகம் சேருதுன்னு எங்கூட்டுக்காரரு சட்டைக் காலர இழுத்து விட்டுக்கிட்டாரு. அப்பனும் ஆத்தாளும் ஊடு பாக்கக் காருல வந்தாங்க. இந்தக் காலத்துல பொண்ணும் வருது, அதுல ஒண்ணும் தப்பில்ல. அந்தப் பொண்ணு வேலை முடிச்சு நேரா பஸ்ஸுல வந்து எறங்கிக்கறேன்னு சொல்லியிருந்துச்சு.

எறங்குச்சு. அக்கட்டால. நான் கேட்டுல நிக்கறேன், அது அங்க நிக்குது. பட்டுச்சேலை, தலையில பூவு. லட்சணமான பொண்ணுங்க. நடுவுல செவுரு. நான் கையக் காட்டறேன், அதுவும் கையக் காட்டுது. அப்பறம் இப்படியும் அப்படியும் பாக்குது. அவங்கப்பனுக்குப் போன் அடிச்சு, இங்க எப்படிப்பா தாண்டறதுன்னு கேக்குது. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. ஊட்டுக்கு வாழ வரப் போற பொண்ணு எதுக்க நிக்கறா, வாம்மான்னு கூப்பிட வழியில்ல. பட்டுச்சேலையோட செவுரு ஏறுன்னு சொல்லவா?

அப்பப் பூவாத்தா எங்கிருந்தோ வந்துட்டா. அவகிட்ட ஒண்ணும் சொல்லவே இல்ல, அவளாவே புரிஞ்சுக்கிட்டா. பொண்ணுக்குக் கொடையப் புடிச்சுக்கிட்டு, கையப் புடிச்சுப் பங்க்குப் பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு பேரும் நடந்து வர்றதுக்குள்ள இங்க வெச்ச காப்பியெல்லாம் ஆறி ஏடு கட்டிருச்சு. பொண்ணு வந்து சேர்றப்ப மை கலைஞ்சு, செருப்பு வாரு பிஞ்சு, ஒரு செருப்பக் கையில வெச்சிருக்குது. சிரிச்சுக்கிட்டேதான் வந்துச்சு. தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு என்னையப் பாத்து, ஏங்கத்தை, நேரா இங்கயே ஒரு வழி வெச்சிருக்கலாமே, யாரும் கேக்கலையான்னுச்சு.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வாசப்படியில இருந்து பூவாத்தா சொல்றா. கேக்காம என்ன கண்ணு, இங்கதான் வெக்கறதா இருந்தாங்க, எங்க அக்காதான் மைக்குல பேசி அங்க மாத்தி வெச்சாங்கன்னு. அவ பெருமையாச் சொல்றா. அவளுக்கு அது என்ற பெருமை.

பொண்ணோட ஆத்தா எட்டி ரோட்டப் பாத்தா, அப்பறம் பொண்ணோட செருப்பப் பாத்தா. நல்லதுங்கன்னா. அந்த ஒத்த வார்த்தைக்கு நான் அன்னிக்கு ராத்திரியெல்லாம் தூங்கல. ரெண்டு நாள் கழிச்சு, இன்னொரு எடத்துல ஜாதகத்தக் காட்டுனோம், சரியா வரலீங்கன்னு சொல்லி விட்டுட்டாங்க. ஜாதகமுங்க. நான் எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். ஜாதகம் சேரலன்னு.

ஆனா அந்தப் பொண்ணு யுவராஜுகிட்டப் போன்ல நேராவே சொல்லிருச்சு. தெனம் ரெண்டு வேளை அவ்வளவு தூரம் நடந்து பஸ் ஏற முடியாதுங்க, வழி வர இருந்ததத் தள்ளி வெச்ச ஊட்டுல நான் எனக்கு வேணுங்கறத எப்படிக் கேட்டு வாங்குவேன்னு கேட்டுச்சாம். என்ன ரோசனை பாருங்க அந்தப் பொண்ணுக்கு. எனக்கு அப்படி ஒரு மருமக வாய்க்கல.

அடுத்த நாள் வெடியால என்ற பையன் வந்து நிக்கறான். அவன் சத்தம் போட்டு நான் பாத்ததில்ல. ஏம்மா மாத்துனே, ஏன் மாத்துனேன்னு கேக்கறான். நான் புள்ளைக உசுரு, அது இதுன்னு இழுக்கறேன். எங்கூட்டுக்காரரு சும்மா இருந்திருக்கலாம். மண்டபத்துல ஒட்டுன நாக்கு ஊட்டுக்குள்ள மட்டும் நல்லா வேலை செய்யும். புள்ளைகளாவது உசுராவது, தெருக்குத்துடா, உங் கல்யாணத்துக்காகத்தான்டா உங்கம்மா அப்படிப் பேசுனான்னு போட்டு ஒடச்சாரு. யுவராஜு தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். நான் வாசலப் பாக்கறேன்.

பூவாத்தா படியில உக்காந்திருக்கறா. போசி பக்கத்துல இருக்குது. எப்ப வந்தான்னு தெரியல.

அவ ஏதாச்சும் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க. மொதல்ல மாவ ஊத்துனா. எப்பவும் ஊத்தறாப்புல ரெண்டு படி எச்சாவாத்தான் ஊத்துனா. மோரு குடுத்தேன், வாங்கி வெச்சுக்கிட்டா, குடிக்கல. அப்பறம் மெதுவாக் கேட்டா. தெருக்குத்துதானுங்களாக்கா? அதுக்கு மதில்ல ஒரு புள்ளையார வெச்சாத் தீந்து போகுமேங்க்கா. எங்க லைன் கோயில்லயே சின்னப் புள்ளையார் ஒண்ணு சும்மா இருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கிக்கிட்டு வந்து வெச்சிருப்பனேன்னா.

போசியத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சா. பங்க்குப் பக்கம் போகல. நேரா ரோட்டுக்குப் போனா. போசியச் செவுத்து மேல வெச்சா, சேலைய இழுத்துச் சொருகுனா, அந்த முழங்கால வெச்சுக்கிட்டுக் கல்லு மேல ஏறுனா. ஒரு காலத் தூக்கிப் போட முடியாமச் செவுத்து மேல அப்படியே கெடந்தா கொஞ்ச நேரம். ரெண்டு பக்கமும் லாரி போகுது. எனக்கு உசுரே போயிருச்சு. அக்கட்டால எறங்கி, போசிய எடுத்துக்கிட்டு, திரும்பிப் பாக்காமச் சந்துக்குள்ள போயிட்டா. அதோட சரி. ஒரு வாரமாச்சு, இந்தப் பக்கமே வரல. பிரிட்ஜுல இருக்கறது அன்னிக்கு ஊத்துன மாவுதான். ஆமாங் கண்ணு, நீங்க தின்னீங்களே, அதேதான். நல்லாத்தான இருக்குது?

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொன்னதில்ல, எங்கூட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. புள்ளையார வெச்சாப் போதுங்கறது எனக்குத் தெரியாமயா இருக்கும்? சோசியரு மொதல்ல சொன்னதே அதுதான். மதில்ல ஒரு மாடம் வெச்சு, சின்னப் புள்ளையார வெச்சு வெளக்கு வையுங்கம்மான்னாரு. நாந்தான் வேண்டாம், வேற வழி சொல்லுங்கன்னேன். அப்படின்னாக் குறுக்க நடைவழி வராமப் பாத்துக்குங்கன்னாரு. புள்ளையார வெச்சா லைன்ல இருந்து கும்புட வருவாங்க. மொதல்ல ஒருத்தரு ரெண்டு பேரு, அப்பறம் சதுர்த்தின்னாக் கூட்டமா வருவாங்க. கேட்டுக்கிட்டயே நிப்பாங்க, மதில்ல சாஞ்சு பேசிக்கிட்டு இருப்பாங்க. நாங்க வித்தியாசமெல்லாம் பாக்கறவங்க இல்லீங்க. சும்மா, வண்டி எடுக்க எடஞ்சலா இருக்கும்னுதான். பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து பாத்தா என்ன நெனைப்பாங்கன்னும் ஒரு ரோசனை.

வெளிய சொல்றப்பத்தான் இது எப்படி இருக்குதுன்னு காதுல விழுகுது. வெக்கமா இருக்குது கண்ணு. உங்க மொகத்தப் பாக்கக் கூட வெக்கமா இருக்குது.

சரி, எழுதிக்குங்க. சம்மதம்தான். வழி வேணும்னே எழுதிக்குங்க. ஆனா ஒண்ணு, உங்க ஆபீசருகிட்டக் கேட்டுச் சொல்ல முடியுமா? கேட்டுக்குச் சரியா நேரா வராம, ஒரு ரெண்டடி தள்ளிப் போட முடியுமான்னு. ரெண்டே அடி. ஒருத்தருக்கும் நட்டமில்ல. பையனுக்கு இன்னும் ஆகாம இருக்குது பாருங்க, அதுக்குத்தான். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கல, சரி. அப்ப எதுக்கு ரோட்டையே பாக்கறீங்க?

யாரு நிக்கறது அங்க?

பூவாத்தா. செவுத்துக்கு அக்கட்டால. நீங்க வந்திருக்கறது தெரிஞ்சுதான் வந்திருக்கறா, லைன்ல சொல்லியிருப்பாங்க. போசியத் தூக்கிச் செவுத்து மேல வெக்கறா. மாவு இல்ல கண்ணு, மாவுன்னா ஒரு கையில தூக்குவா. ரெண்டு கையாலயும் அணைச்சுல்ல புடிச்சிருக்கறா. மேல துண்டு போத்தி, துண்டு மேல என்ன அது, பச்சையா? உங்க கண்ணு நல்லாத் தெரியும், பாத்துச் சொல்லுங்க. அருகம்புல்லா?

அருகம்புல்லுதான்.

தூக்கிக்கிட்டு வந்துட்டா. சொன்ன மாதிரியே தூக்கிக்கிட்டு வந்துட்டா. பிரியத்துல கொண்டாறாளா, எனக்கு இனி ஒரு சாக்கு இருக்கக் கூடாதுன்னு கொண்டாறாளா, எனக்குத் தெரியல. கூப்பிடக் கூட இல்ல பாருங்க. அவளால அதத் தூக்கிக்கிட்டுச் செவுரு ஏற முடியாது. நான் போயிக் கைய நீட்டி வாங்கற வரைக்கும் அப்படியே புடிச்சுக்கிட்டு நிப்பா.

நான் போறேன். ரெண்டடி தள்ளின்னு சொன்னத எழுதியிருந்தா அழிச்சுருங்க கண்ணு. நேராவே வரட்டும். புள்ளையார வாங்கிக்கிட்டு அவள அந்தக் கல்லு மேல ஏத்தி, கையப் புடிச்சு எறக்கிக் கூட்டிக்கிட்டு வர்றேன். உள்ள வந்து உக்காரச் சொல்றேன், உக்காருவாளோ என்னமோ. நீங்க ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. அவ கேட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அந்த மதில் மேல இருக்கற டம்ளர எடுத்து, சமையக்கட்டுல மத்த டம்ளருகளோட கலந்து வெச்சிருங்க.